சூலகத்தின் கடிவாளம்

முட்டையிடும் பருவத்துப் பேட்டுக்கோழி ஒன்றைக் கறிக்கென அறுத்த வீடுகளில், அதன் வயிற்றினுள்ளே மஞ்சட் கருக்கள் கொத்தாய்த் தொங்குவதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அக்கொத்தைச் சற்று உற்று நோக்கினால் ஒரு வியப்புப் புலப்படும். மிகப் பெரியது ஒன்று. அதனிற் சற்றுச் சிறியது ஒன்று. அதனினும் சிறியது இன்னொன்று. இவ்வாறு ஐந்தாறு கருக்கள் படிவரிசையாய் நிற்கும். அவற்றுக்குப் பின்னே கடுகினை ஒத்த வெண்ணிற மணிகள் எண்ணிறந்தன ஒட்டிக் கிடக்கும். பெரிய கருக்களுள் ஒரே அளவினவாய் இரண்டு இருத்தல் அரிது. இன்று முட்டையாக வெளிவர இருப்பது முதலாவது. அது சென்றபின் இரண்டாவது முதலாவதன் இடத்துக்கு வரும். ஒன்றை ஒன்று முந்துவதில்லை. சந்தையிலே பேருந்துக்கு நிற்கும் நம்மவரிடத்தே காணக் கிடைக்காத ஒழுங்கு ஒரு கோழியின் வயிற்றினுள்ளே அமைந்திருக்கின்றது.

உக்குவளைப் பகுதியில் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் பல. ஓர் ஆடு ஈற்றுக்கு ஈற்று ஒற்றைக் குட்டியே போட, அதே கொட்டிலில் அதே தழையைத் தின்னும் வேறோர் ஆடு இரண்டும் மூன்றுமாய் ஈனுவதை அவர்கள் அறிவர். ‘அது அந்த ஆட்டின் இராசி’ என்று சொல்லி அமைவதே வழக்கம். கோழியின் வயிற்றிலே கண்ட வரிசைக்கும் இந்த இராசிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கோழியின் மஞ்சட் கரு ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய பையினுள்ளே இருக்கின்றது. ஆடு, மாடு, மனிதர் ஆகிய பாலூட்டிகளின் சூலகத்திலும் இத்தகைய பைகள் உண்டு. ஆங்கு மஞ்சட் கருவின் பெருக்கம் இல்லை. நுண்ணிய சூல் ஒன்று நடுவே இருக்க, அதனைச் சூழ்ந்து சிறு கலங்கள் அடுக்கடுக்காய் நிற்கும். வளர்ந்த நிலையில் உள்ளே நீர் தேங்கி, சூலகத்தின் மேற்பரப்பிலே கொப்புளம்போல் அது புடைத்துத் தோன்றும். ஆதலின் நம் நாட்டு விஞ்ஞான நூல்கள் இதற்குப் ‘புடைப்பு’ என்று பெயரிட்டன, பொருத்தமான பெயரே. ஒல்லாந்து தேசத்து வைத்தியர் டி கிராவ் என்பார் 1672ஆம் ஆண்டிலே இப்புடைப்புகளை விரிவாக எழுதினார். ஆயினும் புடைப்பையே முட்டை என்று அவர் கருதினார். உள்ளேயிருக்கும் உண்மையான சூலை ஒரு நாயின் சூலகத்திலே கண்டு உலகுக்கு உரைத்தவர் வொன் பேயர்; அது 1827இல். இடையே ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது.

பாலூட்டியின் பெண்மகவு பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்கு வேண்டிய சூல்களைச் சூலகத்திற் சுமந்துகொண்டு வருகின்றது. மனித இனத்திலே, கருவில் ஐந்தாம் மாதமளவில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட சூற்கலங்கள் உள. பிறக்கும்போது அவை பத்து முதல் இருபது இலட்சமாகக் குறைகின்றன. பூப்பெய்தும் வயதில் மூன்று நான்கு இலட்சமே எஞ்சுகின்றன. அவற்றுள்ளும் வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுவன ஏறக்குறைய 400. மற்றவை யாவும் இடைவழியிலே மடிந்துபோகின்றன. பசுவிலும் செம்மறியிலும் எண்கள் வேறுபடினும் கதை இதுவே. எனவே புடைப்பு வளர்வது பெரிதன்று. அத்துணைப் புடைப்புகளுள் மிகப் பெரும்பாலானவற்றை வளரவிடாது தடுத்து நிறுத்துவது எது என்பதே வினா.

இதற்கு விடை காண்பதற்குப் பரம்பரையலகு என்பதைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மரபணு என்று தமிழகத்தார் வழங்குவதும் இதுவே. சூலகத்துக் கலத்திலும், கண்ணின் கலத்திலும், ஈரலின் கலத்திலும் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றே. அங்ஙனமாயின் ஒன்று கண்ணாகவும் மற்றொன்று ஈரலாகவும் ஆவது எவ்வாறு? ஒரு பாடசாலையின் நூலகத்தை எண்ணிப் பாருங்கள். எல்லா வகுப்பினருக்கும் நூலகம் ஒன்றுதான். ஆயின் ஆறாம் வகுப்பினர் எடுப்பது ஒரு நூல், பத்தாம் வகுப்பினர் எடுப்பது வேறொரு நூல். எந்த நூல் எவ்வேளையில் திறக்கப்படவேண்டும், எது மூடியிருக்கவேண்டும் என்று விதிப்பதையே பரம்பரையலகுக் கட்டுப்பாடு என்கின்றோம். பிரான்சு நாட்டவராகிய ஜேக்கப், மொனோ என்னும் இருவர் 1961இல் பற்றீரியா என்னும் நுண்ணுயிரில் இதன் அடிப்படையை விளக்கிக் காட்டி, 1965இல் நோபெல் பரிசு பெற்றனர். அவர்தம் ஆசிரியராகிய லுவோவும் அப்பரிசிற் பங்குபெற்றார். ஒரு பரம்பரையலகின் வேலை மற்றொரு பரம்பரையலகை அடக்கிவைப்பதாகவும் இருக்கலாம் என்பது அன்று புதுமையான செய்தி.

சூலகத்திலே இக்கட்டுப்பாடு எத்துணை நுட்பமானது என்பதை எலிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ‘பிக்லா’ என்னும் அலகை நீக்கிய எலிக்குப் புடைப்புகள் உருவாவதே இல்லை. சூல்கள் காப்பின்றி மாண்டுபோகின்றன. ‘பொக்சோ-3’ என்பதை நீக்கினால் எதிர்மாறான விபரீதம் நேர்கின்றது. உறங்கிக் கிடக்கவேண்டிய புடைப்புகள் யாவும் ஒருங்கே விழித்தெழுந்து, இளமையிலேயே சேமிப்பு முழுவதும் தீர்ந்து, எலி மலடாகிவிடுகின்றது. ‘பொக்ஸ்-எல்-2’ என்னும் மூன்றாவதன் கதை இன்னும் விசித்திரமானது. முழு வளர்ச்சி பெற்ற பெண் எலியில் அந்த ஒன்றை மட்டும் செயலிழக்கச் செய்தபோது, சூலகத்துக் கலங்கள் விதையின் கலங்களைப் போன்று உருமாறத் தொடங்கின என்று 2009இல் அறிவித்தனர். சூலகம் சூலகமாய் நிலைத்திருப்பதற்கே ஒரு காவலன் நாள்தோறும் விழித்திருக்கவேண்டியுள்ளது.

எலியை விட்டு இனி ஆட்டு மந்தைக்கு வருவோம். இக்கதையின் சுவையான பகுதி ஆங்குதான் இருக்கின்றது.

அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்சு மாநிலத்துக் கூமா என்னும் ஊருக்கு அருகே ‘பூரூலா’ என்றொரு செம்மறிப் பண்ணை இருந்தது. அதனை நடத்திய சீயர்சு உடன்பிறந்தார், இரட்டைக்கு மேற்பட்ட குட்டிகளாய்ப் பிறந்த ஆடுகளையே தேர்ந்து தேர்ந்து பெருக்கி வந்தனர். மெரினோ இனத்துச் செம்மறி பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். இவர்களுடைய மந்தையிலோ மூன்றும் நான்கும் பிறந்தன, ஐந்தும் பிறந்ததுண்டு. 1958 முதல் இந்த ஆடுகளுட் சில அந்நாட்டு அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஹெலன் நியூட்டன் டேர்னர் என்னும் அம்மையார் ஆங்கே அவற்றை ஆராய்ந்தார். குட்டியின் தொகை என்பது பற்பல பரம்பரையலகுகள் சிறுகச் சிறுகக் கூடி விளைவிப்பது என்பதே அக்காலத்தவர் துணிபு. ஆயினும் 1980களின் தொடக்கத்திலே, பூரூலா ஆட்டின் சிறப்பு முழுவதும் ஒரேயொரு பரம்பரையலகால் ஆயது என்பது தெளிவாயிற்று. அதன் ஒரு படியைப் பெற்ற ஆடு, ஒரு பருவத்தில் வெளிப்படுத்தும் சூல்களின் தொகை ஏறத்தாழ ஒன்றரை மிகுகின்றது. தாய் வழியும் தந்தை வழியுமாய் இரு படி பெற்றதில் ஏறத்தாழ மூன்று மிகுகின்றது.

அந்த அலகு யாது என்பது 2001இல் வெளிப்பட்டது. நியூசிலாந்திலும் பிரான்சிலும் ஸ்கொட்லாந்திலும் தனித்தனியே முயன்ற மூன்று குழுவினரும் அதே ஆண்டிலே ஒரே விடையை அடைந்தனர். செம்மறியின் ஆறாம் நிறமூர்த்தத்திலே, ‘பீ.எம்.பீ.ஆர்.-1பீ’ என்னும் ஏற்பிப் புரதத்துக்குரிய அலகில், ஓர் எழுத்து மாறியிருந்தது. அதன் பயனாகப் புரதச் சங்கிலியின் 249ஆம் இடத்திலே குளூற்றமின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஆர்ஜினின் அமர்ந்திருந்தது. மாற்றம் அவ்வளவே. பெயரைக் கேட்டு மலைக்கவேண்டாம். இறந்த எலும்பினின்றும் எடுத்த ஒரு பொருள் தசையினுள்ளே புது எலும்பை முளைப்பிப்பதை யூரிஸ்ட் என்னும் அமெரிக்க வைத்தியர் 1965இல் கண்டார். அதனால் அக்குடும்பத்துப் புரதங்களுக்கு ‘எலும்பை உருவாக்கும் புரதம்’ என்று பெயர் வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்தவை சூலகத்திலும் பணிபுரிகின்றன என்பது பிற்காலத்திலேயே தெரிந்தது. பெயர் எலும்பினது, தொழில் சூலகத்தினது. சொற்களிடையே இத்தகைய இடப்பெயர்ச்சி மொழி பயின்றோர்க்குப் புதிதன்று.

இந்த ஏற்பி செய்யும் தொழில் யாது? சூல், தன்னைச் சூழ்ந்த சிறுமணிக் கலங்களுக்கு ஓயாது செய்தி அனுப்புகின்றது. ‘ஜீ.டீ.எஃப்.-9’, ‘பீ.எம்.பீ.-15’ என்னும் இரு புரதங்கள் அச்செய்தியைச் சுமப்பவை. முன்னர், சூழ்ந்த கலங்கள் தாய் என்றும், சூல் ஊட்டப்படும் குழந்தை என்றும் எண்ணியிருந்தனர். 1996இல், ஜீ.டீ.எஃப்.-9 இல்லாத எலியிலே புடைப்புகள் ஆரம்ப நிலையைத் தாண்டாது நின்றுவிடுவதைக் கண்டபின் அவ்வெண்ணம் மாறிற்று. குழந்தையே வீட்டை ஆள்கின்றது! சிறுமணிக் கலத்தின் மேற்புறத்தில் நிற்கும் ஏற்பி செய்தியை வாங்கி, உள்ளே ‘சுமாட்’ என்னும் தூதுப் புரதங்களிடம் ஒப்படைக்கின்றது. அவை கருவினுட் புகுந்து சில பரம்பரையலகுகளைத் திறக்கின்றன, சிலவற்றை மூடுகின்றன. பீ.எம்.பீ. வழியாகச் செல்லும் செய்தியின் சாரம், ‘பெருகுங்கள், ஆயின் இன்னும் முதிரவேண்டாம்’ என்பதாகும்.

இதனுடன் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் ஆணையும் சேர்கின்றது. அது சுரக்கும் புடைப்பைத் தூண்டும் ஓமோன் சில புடைப்புகளை ஒருங்கே வளர்க்கும். அவற்றுள் முந்திய ஒன்று ஈஸ்திரோஜனையும் இன்ஹிபினையும் சுரந்து, ‘போதும்’ என்று கபச்சுரப்பிக்கு அறிவிக்கும். உடனே தூண்டும் ஓமோன் குறைகின்றது. அதனையே நம்பியிருந்த சிறு புடைப்புகள் பட்டினியால் மடிகின்றன. முந்திய புடைப்போ, அதற்குள் லூட்டினாக்கும் ஓமோன் என்னும் வேறோர் ஓமோனை ஏற்கும் ஆற்றலைப் பெற்றிருக்கும். ஆதலின் அது பிழைத்து, முதிர்ந்து, சூலை வெளியிடும். ஆகவே எத்தனை புடைப்புகள் பிழைக்கும் என்பது, எத்தனை புடைப்புகள் தூண்டும் ஓமோன் குறைவதற்குள் அந்த இரண்டாம் ஓமோனை ஏற்கக் கற்றுக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது.

பூரூலா ஆட்டிலே ஏற்பி பழுதுற்றிருப்பதால், ‘இன்னும் முதிரவேண்டாம்’ என்னும் கட்டளை மங்கலாகவே கலத்தின் உள்ளே செல்கின்றது. சிறுமணிக் கலங்கள் முன்னதாகவே முதிர்கின்றன. இரண்டாம் ஓமோனை முன்னதாகவே ஏற்கின்றன. ஏனைய ஆடுகளிலே ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் வளர்ந்த பின்னரே சூலை வெளியிடும் புடைப்பு, இவற்றிலே மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவிலேயே அதற்கு ஆயத்தமாகின்றது. ஒவ்வொன்றிலும் கலங்களின் தொகை குறைவு. சுரக்கும் ஓமோனும் குறைவு. அப்படியாயின் ‘போதும்’ என்ற செய்தி கபச்சுரப்பியை அடைவதற்குப் பல புடைப்புகள் கூடவேண்டியதாகின்றது. பல சிறு புடைப்புகள் சேர்ந்து சுரப்பதும், ஏனைய ஆட்டில் ஒன்றிரண்டு பெரும் புடைப்புகள் சுரப்பதும் ஏறத்தாழ ஒரே அளவினவாய் இருந்ததை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டனர். கபச்சுரப்பி தலைகளை எண்ணுவதில்லை. மொத்த வரியை மட்டுமே பார்க்கின்றது. பல குட்டி ஈனும் ஆட்டிடம் மிகுந்த வலிமை ஏதும் இல்லை. ஏனைய ஆடுகளை இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் அதனிடம் சற்றுத் தளர்ந்திருக்கின்றது.

தளர்ச்சி அளவு கடந்தால் என்னாகும் என்பதை நியூசிலாந்தின் ‘இன்வெர்டேல்’ ஆடுகள் காட்டின. அவற்றின் மூதாய் ஒருத்தி 11 ஈற்றில் 33 குட்டிகளை ஈன்றாள். அவள் வழியிலே வந்த விகாரம் பீ.எம்.பீ.-15 என்னும் செய்திப் புரதத்தின் அலகிலேயே நேர்ந்தது என்று 2000இல் அறிந்தனர். அதன் ஒரு படி இருந்தால் குட்டிகள் மிகும். இரு படி சேர்ந்தாலோ ஆடு முற்றும் மலடு. புடைப்புகள் தொடக்க நிலையிலேயே நின்றுவிட, சூலகம் வெறும் கீற்றாய்ச் சுருங்கிவிடுகின்றது. பாதிச் செய்தி பெருக்கத்தைத் தந்தது. செய்தியே இல்லாமை வறட்சியைத் தந்தது. இந்த ஒரு நுணுக்கத்தை அறியாது, நல்ல ஆட்டின் வழிவந்தவற்றையே தம்முட் சேர்த்த பண்ணையாளன் தன் மந்தையின் பாதியை மலடாக்கியிருப்பான்.

பூரூலாவின் விகாரம் எங்கிருந்து வந்தது? மெரினோ இனத்தில் அது இயல்பாக இருந்ததன்று. 1792, 1793ஆம் ஆண்டுகளிலே கல்கத்தாவினின்றும் வங்கத்துச் செம்மறிகள் கப்பலேறி நியூ சவுத் வேல்சை அடைந்தமை பழைய ஏடுகளால் தெரிகின்றது. அவற்றின் இரத்தமே பூரூலாவில் வெளிப்பட்டதோ என்ற ஐயத்தை டேர்னர் அம்மையார் முன்னரே எழுப்பியிருந்தார். எழுத்து மாற்றத்தைக் கண்டறிந்த அடுத்த ஆண்டிலே, அதாவது 2002இல், பல நாட்டுச் செம்மறிகளைச் சோதித்தபோது, வங்கத்துச் சுந்தரவனத்தின் ‘காரோல்’ என்னும் ஆட்டிலும் அதே மாற்றம் காணப்பட்டது. ஒடிசாவின் கேந்திரபாரா ஆட்டிலும், சீனத்து ‘ஹூ’ ஆட்டிலும் அது உண்டு. காரோல் மிகச் சிறியது. வளர்ந்த பெண்ணாடு பன்னிரண்டு கிலோகிராம் அளவே நிறைக்கும். முழங்காலளவு சேற்று நீரில் நின்று புல் மேயும். உரோமத்துக்கும் உதவாது, இறைச்சிக்கும் பெரிதாய்க் காணாது என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சிற்றாடு இரட்டையும் மூன்றுமாய் ஈன்று ஏழை வீடுகளை நிரப்பிக்கொண்டிருந்தது. அதன் பெருமையை உள்ளூரார் அறிந்தனர். உலகம் அறிவதற்கு அது கடல் கடந்து வேறு பெயரிலே பிறக்கவேண்டியிருந்தது.

இந்த அறிவைக்கொண்டு பயன் விளைவித்தோர் இந்தியாவிலேயே உளர். மகாராட்டிர மாநிலத்துப் பல்டன் என்னும் ஊரிலே, 1968இல் போன் நிம்ப்கர் நிறுவிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கின்றது. அப்பகுதியின் தங்கர் குலத்து இடையர் தக்கணி என்னும் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிபவர். தக்கணி ஆடு காரோலைப்போல இருமடங்கு எடையுள்ளது; வரட்சியைத் தாங்கும்; ஆயின் ஈற்றுக்கு ஒரு குட்டியே தரும். இடையர்க்கு வருமானம் குட்டியை விற்பதால் வருவது. 1990களிலே சுந்தரவனத்துக் காரோல் ஆடுகளைப் பல்டனுக்குக் கொணர்ந்து தக்கணியுடன் கலந்தனர். கலப்பிற் பிறந்தவற்றை மீண்டும் மீண்டும் தக்கணியுடனேயே சேர்த்து, உருவம் தக்கணியாகவும், அந்த ஓர் எழுத்து மட்டும் காரோலினதாகவும் அமையும் ஆட்டை உருவாக்கினர். சந்தா நிம்ப்கர் அம்மையார் இம்முயற்சியை முன்னின்று நடத்தினார்; அவுஸ்திரேலிய அறிஞரும், பூனா நகரத்துத் தேசிய இரசாயன ஆய்வகத்தாரும் துணைநின்றனர். ‘நாரி சுவர்ணா’ என்பது அந்த ஆட்டின் பெயர்.

ஒரு படியைப் பெற்ற இவ்வாடுகள், இடையர் மந்தையிலே பத்து ஈற்றில் நான்கைந்து இரட்டைகளைத் தந்தன. இதற்கு மேல் வேண்டாவோ என்று கேட்கலாம். நடந்து மேயும் ஆட்டுக்குப் பால் ஓரளவே சுரக்கும். மூன்று குட்டி பிறந்தால் மூன்றும் மெலிந்தே பிறக்கும்; புல் காய்ந்த மாதத்திலே அவற்றுள் ஒன்று சாவது பெரும்பாலும் உறுதி. இரட்டைக் குட்டியை ஈன்ற தாய்க்கும் சிறிது தானியம் கூட்டி ஊட்டவேண்டும். குட்டிகளை மந்தையின் பின்னே நடத்தாது நிழலில் வைத்துப் பேணவேண்டும். அந்தப் பராமரிப்பு இல்லாத மந்தையில் கூடுதற் குட்டியால் ஆதாயம் இல்லை. இயற்கை அக்கடிவாளத்தை வீணே பூட்டவில்லை என்பதற்கு வறண்ட தக்கணத்துப் புல்வெளியே சான்று.

நம் உக்குவளையின் வெள்ளாட்டுக்கும் இதே எழுத்து மாற்றந்தான் காரணம் என்று யாரும் முடிவுகட்டிவிடலாகாது. பல குட்டி ஈனும் இயல்பு, பெரும்பாலான விலங்குகளிலே பல பரம்பரையலகுகளின் கூட்டுவேலையே. தீனியும், தாயின் வயதும், உடல் நிலையும் அதிற் கலந்துள்ளன. சினைக்கு விடும் நாட்களில் நன்றாகத் தின்ற ஆடு மிகுதியான சூல்களை வெளியிடும் என்பதைச் செம்மறி வளர்ப்போர் நெடுங்காலமாய் அறிவர். கொட்டிலில் இரட்டை ஈனும் ஆட்டின் குட்டிகளை விற்றுவிடாது தாயாக வைத்துக்கொள்வதும், எந்தக் கடாவுக்குப் பிறந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பதும் எவருக்கும் இயலக்கூடிய காரியம். பூரூலாவின் உடன்பிறந்தார் தொடங்கியதும் அவ்வளவு எளிய முறையிலேதான்.

பல்டனிலோ கணக்கு இன்னும் நுட்பமானது. இரு படி உள்ள கடா ஒன்றை மந்தையில் விட்டால், ஒற்றைக் குட்டி ஈனும் பெண்ணாடுகளுக்கும் அக்கடாவுக்கும் பிறக்கும் குட்டிகள் யாவும் ஒரு படியுடனேயே பிறக்கும். கடாவைக் கண்ணால் பார்த்து அதனை அறிய இயலாது. கடாவுக்குச் சூலகம் இல்லை. முன்னாளில் அதன் பெண்குட்டிகள் வளர்ந்து, சினைப்பட்டு, ஈனும் வரை காத்திருந்தே கடாவின் இயல்பைத் தெளிந்தனர். அதற்குள் கடாவின் நல்ல வயது பாதி கழிந்துவிடும். இப்பொழுது காதோரத்தினின்றும் ஒரு துளி இரத்தத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். குட்டியாய் இருக்கும்போதே, அதன் மகள் எத்தனை ஈனுவாள் என்பதற்குரிய எழுத்தைப் படித்துவிடுகின்றனர்.